முதலில் டின்களைத்தான் எடுத்தோம்

குமுளி,
அக்டோபர் 9, வியாழக்கிழமை.

அன்பு மகன் லோகேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் சித்தி குருவம்மாளும் நல்ல சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மழை விட்டதும் என் முழங்கால் வலியும் குறைந்துவிட்டது, நீயும் அந்த மால்டா தீவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இதைச் சொல்ல ஆறு வாரமாக வாயெடுத்து வாயெடுத்து விட்டுவிட்டேன், நீ வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பாய், நான் பாதி சொல்வதற்குள் நீ பதறுவாய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்வார். ஜின்சன் லீவு முடிந்து சனிக்கிழமை கிளம்புகிறான், உன் ரூமுக்கே வருகிறவன், அதனால் முறுக்குப் பொட்டலத்தோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, யாருக்கும் உயிருக்கோ கை காலுக்கோ கேடு இல்லை, அதனால் நிதானமாக உட்கார்ந்து படி.

ஓணத்துக்கு முந்தி நம் ஆம்னி வேன் எங்கே என்று நீ கேட்டபோது, பெயிண்ட் அடிக்க ஒர்க்ஷாப்பில் விட்டிருக்கிறோம் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். வேன் ஒர்க்ஷாப்பில் இருந்தது நிஜம், பெயிண்டுக்காக இல்லை. நீ இரண்டரை வருஷத்துக்கு முன்னால் போகும்போது வீட்டுக்கு ஒரு வண்டி வேண்டும், அப்பா ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போகட்டும் என்று உன் பேரிலேயே அதை விட்டுவிட்டுப் போனாய். அப்போது நான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டின் முறுக்கு போட்டு வண்டிப்பெரியாரில் இரண்டு கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது பீர்மேடு, ஏலப்பாறை வரைக்கும் இருபத்தாறு கடை. உன்னிடம் வியாபாரம் நன்றாகப் போகிறது என்று மட்டும் சொன்னேன், அந்த வியாபாரம் முழுக்க உன் வேனில்தான் போகிறது என்று சொல்லவில்லை. அப்பா பின்சீட்டைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் சாத்திவைத்துவிட்டார், கோழி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. வாரத்தில் ஆறு நாள் டின் ஏற்றிக்கொண்டுதான் வண்டி ஓடியது.

ஜூன் மாசம் இன்சூரன்ஸ் புதுப்பிக்க ஏஜெண்ட் கோபிநாத் வீட்டுக்கு வந்தார், உனக்குப் பாலிசி போட்டுக்கொடுத்த அதே மலையாளத்துக் கோபிநாத்தான். காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வேனுக்குள் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேச்சி, இதிலே யாவாரச் சரக்கா ஏத்தறீங்க, இந்தப் பாலிசி வீட்டு ஆளுங்க போய்வர மட்டும்தான் கேட்டோ, விக்கிற சாமான் ஏத்தினாலும் கூலிக்கு ஆள் ஏத்தினாலும் இது நிக்காது, அதுக்கு வேற வண்டி, மஞ்ச நம்பர் போர்டு, வேற பாலிசி என்று சொன்னார். அப்பா சிரித்துவிட்டார். முறுக்குதான கொண்டு போறோம், மரமா கொண்டு போறோம், இத்தன நாள்ல ஒரு கீறல் விழுந்திருக்கா என்றார். கோபிநாத் சொன்னார், வண்டி இடிச்சுதான்னு மட்டும் அவங்க கேக்க மாட்டாங்க சேட்டா, இடிச்ச நேரத்துல உள்ளே என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க. அப்பா மேல் மட்டும் பழி போட மாட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான்தான், இந்த வருஷம் பழையபடியே போட்டுருங்க கோபிநாத், அடுத்த வருஷம் பாக்கலாம் என்று சொன்னேன். ஓணம் வருகிறது, புது எண்ணெய்ச் சட்டி வாங்க வேண்டும், வேறு வண்டிக்கு எங்கே போவது என்று அப்போது தோன்றியது. அன்று சாயங்காலம் நீ போன் செய்து பாலிசி கட்டியாச்சா என்று கேட்டாய், கட்டியாச்சு ராசா, ஒரு பிரச்சனையும் இல்லை என்றேன்.

ஓணத்துக்கு ஒரு வாரம் முந்தி, அதுவும் வியாழக்கிழமைதான். நேந்திரங்காய் சிப்ஸும் வெல்லம் பூசிய சர்க்கரை வரட்டியும் கேட்டு எல்லாக் கடைக்காரர்களும் போன் மேல் போன். இருபது டின் ஏற்றினோம், இடம் போதாமல் இரண்டை என் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும், சாரல் அடித்துக்கொண்டிருந்தது, பாம்பனாறு தாண்டி ஒரு வளைவில் மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. எதிரே பஸ் வந்தது, அந்த டிரைவர் மேல் தப்பில்லை, ஒழுங்காகத்தான் வந்தார், அப்பாதான் கடைசி நேரத்தில் பார்த்து பிரேக் போட்டார். பின்னால் இருந்த பாரம் ஒரு பக்கமாகச் சரிந்து வண்டியின் பின்பாகத்தை இழுத்துக்கொண்டு போனது. பஸ் உரசாமல் தாண்டிப் போய்விட்டது, அதற்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்ததை நாங்கள் பார்க்கவேயில்லை. வேனின் பின்பக்கம் அதைத் தட்டிவிட்டு மண்திட்டில் போய் முட்டி நின்றது. பின்கதவு திறந்துகொண்டு டின்கள் ரோட்டில் உருண்டன. ஸ்கூட்டர்காரர் ஓரத்து ஓடைக்குப் பக்கத்தில் காலை நீட்டியபடி விழுந்து கிடந்தார், ஹெல்மெட் போட்டிருந்தார், கண் திறந்திருந்தது.

இதற்கு மேல் எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை தம்பி, ஆனாலும் எழுதுகிறேன். அப்பா கீழே இறங்கினார், அந்த மனிதரைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்து, டின்ன எடு, சீக்கிரம் எடு, போலீஸ் வர்றதுக்குள்ள எடு என்றார். நமக்குத் தெரிந்தவர் ஜீப் ஒன்று பின்னால் வந்து நின்றது, அப்பா அதில் டின்களை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினார். நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய், நானும் எடுத்தேன். மடியில் இருந்த இரண்டையும் கொண்டுபோய் ஜீப்பில் வைத்துவிட்டு ரோட்டில் கிடந்த இன்னொன்றையும் எடுத்தேன். மனசுக்குள் கோபிநாத் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே என்ன இருந்தது என்று கேட்பார்கள், வண்டி என் பிள்ளை பேரில் இருக்கிறது என்று. அப்போதுதான் அந்த மனிதர் சத்தம்கூடப் போடாமல் சொன்னார், அண்ணே, டின்ன அப்புறம் எடுக்கலாம், முதல்ல என்னயத் தூக்குங்க. அப்பா கையிலிருந்த டின் அப்படியே நழுவி விழுந்து மூடி தெறித்து சிப்ஸெல்லாம் தண்ணீரில் போனது. முப்பது வருஷம் தேயிலை பேக்டரியில் வேலை பார்த்த மனிதர், மிஷின் பெல்ட்டில் ஒருத்தன் கை மாட்டியபோது தன் கையைக் கொடுத்து இழுத்தவர் உன் அப்பா, அவர் ஒரு அடிபட்ட ஆளை விட்டுவிட்டு டின் பொறுக்கிக்கொண்டு நின்றார். நாங்கள் அவ்வளவு கெட்டவர்கள் இல்லை தம்பி, பயம் அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் அந்தப் பயத்தைக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றியது நாங்கள்தான்.

அவரை அதே ஜீப்பில் ஏற்றித் தாலுக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெயர் சூசையப்பன், நாற்பது வயசு இருக்கும், தேயிலை எஸ்டேட்டில் தண்ணீர் பம்ப் ஓட்டுகிறவர், அங்கே கூலிக்காரர் குடியிருக்கிற லயத்து வரிசையில்தான் வீடு. எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள், நாங்கள் இரண்டு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சூசையப்பன் மனைவி புஷ்பமேரி தேயிலைக் கொழுந்து எடுக்கிற இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தாள், மழைக்கு நனையாமல் இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்களை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான், விழுந்தவுடனேயே தூக்கிட்டீங்களாண்ணே, ரொம்ப நேரம் கெடந்தாரா. நான் சொன்னேன், இல்லம்மா, அஞ்சு நிமிசம் கெடந்தாரு, நாங்க டின் எடுத்துக்கிட்டிருந்தோம். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். அந்தப் பார்வைக்கு அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் டாக்டர் அம்மா வெளியே வந்து, எலும்பு எதுவும் முறியவில்லை, முழங்கால் மூட்டில் தசைநார் பிசகியிருக்கிறது, மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது, தலையில் ஒன்றும் இல்லை என்று சொன்னார். அதைக் கேட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். புஷ்பமேரிதான் வந்து என் தோளைப் பிடித்துத் தூக்கி, எந்திரிங்கக்கா, ஈரத்துல உக்காராதீங்க என்றாள். அந்த நிமிஷத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

போலீஸ்காரர் வந்து ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தார், ஓனர் யாரு லோகேஷு என்றார், மகன் என்றோம், எங்கே என்றார், வெளிநாட்டில் என்றோம், அவர் அதையும் எழுதிக்கொண்டார். உன்னைக் கூப்பிடுவார்களோ, விசா புதுப்பிக்கிற சமயத்தில் ஏதாவது தடங்கல் வருமோ என்று எனக்கு என்னென்னவோ ஓடியது. சாயங்காலம் கோபிநாத் வந்தார், ஜூன் மாசமே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர் விளக்கினார், அடிபட்டவங்க கேஸ் கொடுத்தா கம்பெனி முதல்ல அவங்களுக்குக் கொடுத்துட்டு, பாலிசிக்கு மாறா ஓட்டினதுனால ஓனர் கிட்ட அதத் திரும்ப வசூல் பண்ணலாம், ஓனர் நீங்க ரெண்டு பேரும் இல்ல, லோகேஷ். நாங்கள் கஷ்டப்பட்டு உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு, இங்கே நாங்கள் செய்கிறதற்கெல்லாம் உன் பேரை முன்னால் நிறுத்தியிருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேனுக்கு நஷ்டம் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க அச்சடித்த பாரம் ஒன்று உண்டு. கடைத்தெருவில் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள், குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருந்தோம்னு எழுதிருங்க, யாரு பாக்கப் போறா. அப்பா அந்தப் பாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். விபத்து நேரத்தில் வாகனம் எந்த உபயோகத்தில் இருந்தது என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது, அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. கீழே ஓனர் கையெழுத்துப் போட வேண்டிய இடம். என்னத்த எழுத லட்சுமி, அவன் கையெழுத்த நானே போட்டுரட்டுமா என்று கேட்டார். விக்கிற பலகாரம் கொண்டு போனோம்னு எழுதுங்க, அவன் கையெழுத்த அவன்தான் போடணும் என்று சொன்னேன். அப்பா பாரத்தை நிரப்பாமலே மடித்துக் கோபிநாத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார், நஷ்டம் கேட்கவேயில்லை. வேனை எங்கள் செலவில்தான் சரிசெய்தோம். சூசையப்பன் ஸ்கூட்டரையும் நாங்களே சரிசெய்து கொடுத்தோம், மூன்று வாரக் கூலியும் கொடுத்தோம், ஓணச் சம்பாத்தியம் அதோடு சரி, அதைப் பற்றி எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவர்களிடம் இன்சூரன்ஸ் விஷயத்தை ஒளிக்காமல் சொல்லி, கேஸ் கொடுப்பதானால் கொடுங்கள், நாங்கள் உள்ளதைச் சொல்கிறோம் என்றும் சொல்லிவிட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, கேஸ் வேண்டாம் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்பா மூன்றாம் நாளே தனியாக லயத்துக்குப் போனார், என்னைக்கூட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். தம்பி, அன்னைக்கு உன்ன விட்டுட்டு டின்ன எடுத்தேன், அது தப்பு என்று இவர் சொல்லியிருக்கிறார். அதற்குச் சூசையப்பன், தூக்கிட்டுப் போனதும் நீங்கதானண்ணே, ஆனா அந்த அஞ்சு நிமிசம் ரொம்ப நீளமா இருந்துச்சு என்று சொன்னாராம். இப்போது அவர் நன்றாக நடக்கிறார், மூன்று வாரம் முடிந்ததுமே வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டார்.

இனி நல்ல சேதியைச் சொல்கிறேன். கோபிநாத்திடம், எனக்கு என்னதான் வழி, புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று ஒருநாள் உட்கார வைத்துக் கேட்டேன். வேனையே சரக்கு வண்டியாக மாற்றலாமா என்றேன். அதை மாற்றி ஒப்புதல் வாங்குவது பெரும்பாடு, அதோடு பிறகு வீட்டுக்கென்று வண்டி இருக்காது, வேன் வேனாகவே இருக்கட்டும், யாவாரத்துக்கு ஒரு பழைய குட்டியானை லாரி பாருங்க சேச்சி என்றார். கட்டப்பனையில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் நல்லபடியாக ஓடின குட்டியானை ஒன்று கிடைத்தது, மகளிர் குழுவில் லோன் வாங்கினேன். யார் பேரில் என்று கேட்டபோது அப்பா தன் பேரைச் சொல்லப் போனார், நான் என் பேரில் என்று சொன்னேன். யாவாரம் என்னுடையது, வண்டியும் என் பேரில்தான் இருக்க வேண்டும், ஏதாவது ஆனால் கேட்கிறவர்கள் என்னைக் கேட்கட்டும், மால்டாவில் இருக்கிற பிள்ளையைக் கேட்க வேண்டாம். வண்டிப்பெரியார் ஆர்.டி. ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வயசில் என் பேரில் வந்த முதல் சொத்து அதுதான், மஞ்சள் போர்டு போட்டு நிற்கிறது.

பாலிசியைக் கோபிநாத் கொண்டுவந்ததும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள் என்றால் விடுவேனா, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வைத்தேன். விற்கிற சரக்கு ஏற்றலாம் என்று எங்கே போட்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். ஓட்டுகிறவர் நான் இல்லையே, உன் அப்பாதானே, அவருக்கு அடிபட்டால் என்ன என்று கேட்டேன், அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடக் கட்டி எழுதி வாங்கினேன், அந்தக் காகிதப்படி அப்பா என்னிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற டிரைவர். சம்பளம் எப்பக் குடுப்ப முதலாளியம்மா என்று தினமும் கேட்கிறார், சிரிக்கிறார், விபத்துக்குப் பிறகு இத்தனை நாள் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவேயில்லை. முன்னால் டிரைவரோடு ஒரு ஆள்தான் உட்காரலாம், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. லயத்துப் பெண்கள் கை காட்டும்போது அப்பாவால் நிறுத்தாமல் போக முடியாது, உனக்குத்தான் தெரியுமே, இப்போது வண்டியை நிறுத்தி, தாயி, ஏத்தினா என் பொண்டாட்டி சம்பளத்தப் பிடிச்சுருவா என்று சொல்லிவிட்டுப் போகிறார். எல்லை தாண்டத் தனிக் காகிதம் வேண்டும் என்பதால் தமிழ்நாட்டுப் பக்கம் அந்த வண்டி இறங்காது, கம்பம் ஊருக்குப் போகிற சரக்கு பஸ்ஸில்தான் போகிறது. வேனில் பின்சீட்டைத் திரும்ப மாட்டியாகிவிட்டது, அதில் இனி ஒரு பொட்டலம்கூட விற்பனைக்குப் போகாது. தீபாவளிச் சரக்கு நாளையிலிருந்து புது வண்டியில் போகிறது. மூடுபனி இருக்கும், வளைவும் இருக்கும், ஆனால் போலீஸ்காரரைப் பார்த்தால் பயப்படாமல் போய்வரலாம், எனக்கு அது போதும்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு என் மேல் கோபப்படு, அப்பா மேல் கோபப்படாதே, போனில் இதைப் பற்றி அவரிடம் நீயாக எதுவும் கேட்காதே, அவரே ஒருநாள் சொல்வார். இன்னொன்று. நேற்று பெட்டியின் எடை பார்க்க வந்த ஜின்சன் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான், ஞாயிற்றுக்கிழமை ஆனால் லோகேஷ் என் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுச் சாப்பாடு டெலிவரிக்குப் போவான் ஆன்ட்டி, நல்ல காசு என்று. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான், அவனைத் திட்டாதே. நீ என்னிடம் சொல்லவில்லை, நான் கவலைப்படுவேன் என்று சொல்லாமல் இருந்திருப்பாய், நானும் அதே காரணத்துக்குத்தான் உன்னிடம் சொல்லவில்லை, அதனால் உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஸ்கூட்டர் ஜின்சன் பேரில் இருக்கிறது, ஓட்டுகிறவன் நீ, பெட்டியில் இருப்பது விற்கிற சாப்பாடு. அதற்கு எந்தப் பாலிசி என்று தெரிந்த ஒருத்தரிடம் போய்க் கேள் தம்பி, கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரைக்கும் அந்த வண்டியைத் தொடாதே. அங்கே ரோட்டில் ஒருத்தர் விழுந்து கிடந்தால் நீ வேறு எதையும் பார்க்காமல் ஓடிப்போய்த் தூக்குகிறவனாக இருக்க வேண்டும், உன் கை அதற்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும். அதற்குத்தான் சொல்கிறேன்.

முருகன் துணையில் நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். முறுக்கை ஒரே நாளில் தின்று தீர்க்காதே, மற்றப் பிள்ளைகளுக்கும் கொடு. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போன் செய்தாலும் எடுப்பேன், என்ன கேட்டாய், என்ன சொன்னார்கள் என்று முழுசாகச் சொல், பாதியை மறைக்காதே, நானும் மறைக்க மாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ப. ராமலட்சுமி